கூலன்ட் எங்கே போகிறது? கராஜ்காரரிடம் சில கேள்விகள்

முப்பது வருடத்துக்கு மேல் கோண்டாவிலில் கராஜ் வைத்திருந்தேன். முழங்கால் விட்டுப்போனதால் இப்போது வாகனத்துக்குக் கீழே படுக்க முடியாது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. எஞ்சினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்டின் ஒழுக்கைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

சாவகச்சேரியிலிருந்து: ஐயா, என்னுடையது 2013ஆம் ஆண்டு விற்ஸ் கார். ரேடியேற்றருக்குப் பக்கத்துப் போத்தலில் கூலன்ட் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இரண்டு கிழமையில் இறங்கிவிடுகிறது. நிறுத்துகிற இடத்தில் ஒரு சொட்டும் இல்லை. ஆவியாகிப் போகிறதா?

இல்லை, தம்பி. அது மூடிய வட்டத்துக்குள் ஓடுகிற தண்ணீர். நல்ல நிலையில் உள்ள காரில் இரண்டு கிழமையில் இவ்வளவு குறையாது. எங்கோ ஒழுக்கு இருக்கிறது.

நிலத்தில் சொட்டு இல்லாததை வைத்து ஏமாற வேண்டாம். சில வெடிப்புகள் எஞ்சின் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறிய பிறகுதான் வாய் திறக்கும். அப்போது வெளியே வரும் துளி சூடான உலோகத்தில் பட்டு, நிலத்துக்கு வருமுன்பே காய்ந்துவிடும். ஆனால் காய்ந்த இடத்தில் தடம் இருக்கும். உங்கள் காரில் இளஞ்சிவப்புக் கூலன்ட் என்றால் வெளிறிய சிவப்புப் பொருக்கு. பச்சை என்றால் பச்சை கலந்த வெள்ளைப் பொருக்கு. ஈரத்தைத் தேடாதீர்கள், பொருக்கைத் தேடுங்கள்.

விடியற்காலையில், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது, ஒரு டோர்ச் லைற்றோடு தொடங்குங்கள். ரேடியேற்றரின் மேலும் கீழும், அல்லது இரு பக்கமும், கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி இருக்கும், நடுவில் அலுமினியம். இரண்டையும் மடித்துக் கவ்விய விளிம்புதான் முதல் சந்தேக நபர். பிளாஸ்டிக் வருடக்கணக்காகச் சூடேறி ஆறி மண்ணிறமாகி மயிர்வெடிப்பு விடும். பிறகு ஹோஸ்களை விரலால் அமுக்கிப் பாருங்கள். கிளிப் அருகே ஊதியிருந்தாலும், நொறுநொறுவென்று சத்தம் கேட்டாலும் மாற்றுங்கள். அடுத்தது கூலன்டைச் சுற்றி ஓடவைக்கும் வோட்டர் பம்ப். அதன் கழுத்துக்குக் கீழே வேண்டுமென்றே ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் அந்தத் துளைவழியே ஒழுகி உங்களுக்குச் சேதி சொல்லத்தான். அதை அடைக்கப் பசை கேட்டு வந்தவர்களும் என் கராஜில் உண்டு!

இவ்வளவு பார்த்தும் ஒன்றும் தெரியாவிட்டால் அழுத்தச் சோதனை. ரேடியேற்றர் மூடியின் இடத்தில் ஒரு கைப்பம்பைப் பூட்டி, மூடியில் அடித்திருக்கும் அளவுக்கு மட்டும் காற்றேற்றுவார்கள். 0.9 அல்லது 1.1 என்று இருக்கும்; அது பார் கணக்கு. கால்மணி நேரம் முள் அசையாமல் நின்றால் வெளி ஒழுக்கு பெரும்பாலும் இல்லை. இறங்கினால், எஞ்சின் ஓடாமலேயே, கையைச் சுடாமலேயே ஒழுகும் இடத்தைப் பார்க்கலாம். பல கராஜ்களில் இந்தப் பம்ப் இருக்கிறது, ஆனால் எடுக்கச் சோம்பல். கேட்டு வாங்குங்கள். அந்த மூடியையும் அதே பம்பில் சோதிக்கச் சொல்லுங்கள். மூடியின் ரப்பர் காய்ந்துபோனதற்கு ரேடியேற்றரையே மாற்றிய கார்களை நான் கண்டிருக்கிறேன்.

மானிப்பாயிலிருந்து: ஏ.சி. போட்டு ஓடி வந்து நிறுத்தினால் முன்பக்கம் இடது புறமாகத் தண்ணீர் சொட்டுகிறது. பயமாக இருக்கிறது.

தொட்டுப் பாருங்கள். நிறமும் மணமும் வழுவழுப்பும் இல்லையென்றால் ஏ.சி. தண்ணீர். நிம்மதியாகத் தூங்குங்கள்.

வேலணையிலிருந்து, ஆசிரியை ஒருவர்: இரண்டு வருடமாக வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். இப்போது ரேடியேற்றருக்குள் தேநீர் நிறத்தில் இருக்கிறது. கீழ்ப்பக்கத்தில் ஒழுக்கும் தொடங்கிவிட்டது. கூலன்ட் கட்டாயம் வேண்டுமா? இங்கே பனியா உறைகிறது?

ரீச்சர், யாழ்ப்பாணத்து ஒழுக்குகளில் அரைவாசி உங்கள் கேள்விக்குள் இருக்கிறது.

நாங்கள் சுண்ணாம்புக்கல்லின் மேல் குடியிருக்கிறோம். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கல் எஞ்சினுக்குள்ளும் படியும். ரேடியேற்றரின் குழாய்கள் ஈர்க்குக் கனம்தான். கல் படிந்தால் அடைபடும். தீவுப் பகுதிக் கிணறுகளில் அதற்கு மேல் உப்பும் உண்டு. உப்பு அலுமினியத்தைப் புள்ளிபுள்ளியாக அரிக்கும். உங்கள் ரேடியேற்றரின் கீழ்ப்பக்கம் ஒழுகுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தேநீர் நிறம் எஞ்சின் இரும்பின் துரு. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றினால் போதுமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். கல் கொஞ்சம் குறையும், உப்பு அப்படியே இருக்கும்.

கூலன்ட் பனிக்கு மட்டும் உரியதல்ல. அரைக்கு அரை கலந்த கூலன்ட் சைபருக்குக் கீழே 37 பாகை வரை உறையாது என்பது கனடாக்காரருக்கு உதவும். எங்களுக்கு உதவுவது மற்ற இரண்டு குணங்கள்: கொதிநிலையை உயர்த்துகிறது, உலோகத்தைத் துருவிலிருந்து காக்கிறது. கலக்காத கூலன்ட் வாங்கினால் சரிபாதி வடிநீர், அதாவது காய்ச்சி வடித்த தண்ணீர், சேருங்கள். கலந்தே விற்பதை மேலும் ஐதாக்க வேண்டாம். வடிநீர் பற்றரிக் கடையில் கிடைக்கும். ஆனால் அசிட் போத்தலும் அதே தட்டில்தான் இருக்கும், லேபிளை வாசித்து வாங்குங்கள்.

உங்கள் காருக்கு இப்போது செய்ய வேண்டியது: ஒழுகும் ரேடியேற்றரை மாற்றுவது, அதற்கு முன் எஞ்சினைத் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுவது. கழுவாமல் புது ரேடியேற்றர் பூட்டினால் பழைய துரு அதையும் அடைக்கும்.

கிளிநொச்சிக்கு அடிக்கடி போய்வரும் ஒருவர்: போன மாதம் ஆனையிறவு தாண்டும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. நிறுத்தி ரேடியேற்றர் மூடியைத் திறந்தேன். கை வெந்துவிட்டது. என்ன செய்திருக்க வேண்டும்?

கை ஆறிவிட்டதா? முகம் தப்பியதே பெரிய காரியம்.

உள்ளே ஒரு பார் அழுத்தம் இருந்தால் வெறும் தண்ணீரே 120 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும். 100 பாகையைத் தாண்டி நின்ற தண்ணீர் ஒரேயடியாக ஆவியாகிப் பாயும். ஈரச் சாக்குப் போட்டுத் திறந்தாலும் இதேதான்.

விளக்கு எரிந்தவுடன் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். வியர்க்கும், பரவாயில்லை; அதுவும் ஒரு சிறிய ரேடியேற்றர்தான். ஓரமாக நிறுத்தக் கூடிய முதல் இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் பார்ப்போம் என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முக்கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள். மேல் ஹோஸ் கையால் அமுக்க இளகி, தொட்டால் சுடாமல் இருந்தால்தான் மூடியில் கை வைக்கலாம். பிறகு தண்ணீரை மெதுமெதுவாக ஊற்றுங்கள். கொதிக்கிற எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளையும், வெடிக்கவும் கூடும்.

வெப்பமானி முள் உள்ள பழைய கார்க்காரருக்கு ஒன்று. தண்ணீர் முழுதும் போய்விட்டால் முள் கீழே இறங்கலாம். சென்சரைச் சுற்றித் தண்ணீர் இல்லாததால் அது அப்படிக் காட்டும். சூடு குறைந்துவிட்டது என்று நம்பி ஓடியவர்களின் எஞ்சின்கள்தான் என் மகளின் படிப்புச் செலவைப் பார்த்தன.

நல்லூரிலிருந்து: மஞ்சள் தூள் போட்டால் ஒழுக்கு நிற்கும் என்கிறார்கள். கடையில் விற்கிற ஒழுக்கு அடைப்பானும் அப்படித்தானா?

மஞ்சள் தூளைக் கறிக்கு வையுங்கள். இரண்டும் ஒரே வேலைதான்: துகள் போய்த் துளையில் சிக்கும். எது ஒழுகும் துளை, எது ஹீட்டரின் நுண்குழாய் என்று துகளுக்குத் தெரியாது. நடுவழியில், ஊசித்துளை ஒழுக்கோடு, வீடு வந்து சேர அடைப்பான் ஊற்றினால் குறை சொல்ல மாட்டேன். வந்ததும் கழுவிவிட்டுத் திருத்துங்கள்.

சுன்னாகத்திலிருந்து: ஹெட் கஸ்கட் (ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையில் உள்ள தகடு) போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். எண்ணெய் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் மாதிரி இருப்பதைக் காட்டினார். நம்பலாமா?

அதை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். சந்தைக்கும் கோவிலுக்கும் மட்டும் ஓடும் காரில், எஞ்சின் சரியாகச் சூடேறாததால் ஈரம் தங்கி மூடியில் அப்படிப் படியலாம். எண்ணெய் மட்டம் பார்க்கும் கோலை இழுத்துப் பாருங்கள். அதிலும் பால் கலந்ததுபோல் இருந்தால் விசயம் பாரதூரமானது.

மற்ற அடையாளங்கள்: ஆறிய எஞ்சினை இயக்கி ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, ரேடியேற்றர் வாயில் குமிழி ஓயாமல் வருவது, சூடேறிய பிறகும் புகைக்குழாயில் வெள்ளை ஆவி நிற்காதது. உறுதிப்படுத்த ஒரு நீலத் திரவச் சோதனை இருக்கிறது. ரேடியேற்றர் வாயிலிருந்து வரும் காற்றை அதனூடாக இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றும் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமில்லை. சோதனையில் நீலம் மஞ்சளானால் கழற்றுங்கள். கஸ்கட்டை மட்டும் மாற்றி மூடுவதற்குச் சம்மதிக்காதீர்கள். ஹெட் வளைந்திருக்கிறதா என்று லேத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து: ஊரில் அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 நிற்கிறது. விடுமுறைக்கு வரும்போது ஓட ஆசை. ரேடியேற்றர் ஒழுகுகிறது. புதியது கிடைக்குமா?

புதியதைத் தேடாதீர்கள்! உங்களிடம் இருப்பது செம்பும் பித்தளையும். ஈயப் பற்றுப் போடலாம், தொட்டியைக் கழற்றிக் குழாய்களுக்குக் கம்பி விட்டுக் கல்லைத் தள்ளலாம். இன்றைய அலுமினியத்தில் இதெல்லாம் நடக்காது. 1990களில் பெற்றோல் வராத காலத்தில் இந்தக் கார்களைச் சூப்பிப் போத்தலில் நாலு துளி பெற்றோல் காட்டி எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். டிக்கியில் தண்ணீர்க் கான் இல்லாமல் பருத்தித்துறைக்குப் புறப்பட்டவர் இல்லை. பற்றுப் போடத் தெரிந்த கைகள் இன்னும் சில இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே வாருங்கள். எஞ்சின் பக்கவாட்டில் காசு அளவில் வட்டத் தகட்டு அடைப்பான்கள் இருக்கும். அவையும் துருப்பிடித்திருக்கும், சேர்த்து மாற்றுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: பச்சையோடு இளஞ்சிவப்பைக் கலக்கலாமா?

நிறம் வெறும் சாயம். ஒரு கம்பனியின் பச்சை இன்னொன்றின் பச்சை அல்ல. உள்ளே இருக்கும் மருந்து ஒத்துப்போகாவிட்டால் காக்கும் குணம் கெடும், சிலவேளை களியாகும். எது ஊற்றியிருக்கிறது என்று தெரியாத, பழகி வந்த காரென்றால் முழுதும் வடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

உடுவிலிலிருந்து: வடித்த கூலன்டை வளவில் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். அது இனிக்கும் நஞ்சு. நாயும் கோழியும் நக்கும். சிறு அளவே கொல்லும். எங்கள் மண்ணில் ஊற்றியது கல்லின் வெடிப்பு வழியே கிணற்றுக்குத்தான் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை நாங்கள் மறந்துவிடவில்லை. மூடியுள்ள கானில் சேர்த்து, பழைய எண்ணெய் எடுக்கும் சேர்விஸ் நிலையத்தில் தனியாகக் கொடுங்கள்; எண்ணெயோடு கலக்க வேண்டாம்.

மீண்டும் சாவகச்சேரியிலிருந்து: ஐயா, பம்பின் துளைக்குக் கீழே சிவப்புப் பொருக்கு இருந்தது! பம்பை மாற்றிவிட்டோம். இப்போது ஹீட்டர் போட்டால் குளிர்காற்று வருகிறது, உள்ளே கடகடவென்று தண்ணீர் ஓடும் சத்தமும் கேட்கிறது.

நல்ல கண், தம்பி. உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. இப்படியே தூர ஓட்டம் வேண்டாம். எஞ்சின் ஆறியபின் காரின் மூக்குச் சற்று உயர நிற்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இயக்குங்கள். குமிழி வர வர, மட்டம் இறங்க இறங்க, மெதுவாக ஊற்றுங்கள். இடையிடையே கீழ் ஹோஸை அமுக்கிவிடுங்கள். கூலன்ட் வாய்வரை எழும்பத் தொடங்கினால் உடனே எஞ்சினை அணைத்துத் தள்ளி நில்லுங்கள். குமிழி நின்று ஹீட்டரில் சூடு வந்ததும் அணைத்து, ஆறவிட்டு, மூடியைப் பூட்டுங்கள். பிறகு இரண்டு விடியற்காலை போத்தலின் மட்டத்தைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் மேல் கோடுவரை நிரப்புங்கள். மூன்றாம் நாளும் இறங்கினால் எழுதுங்கள்.