பெருநாடி வளைவும் சப்கிளேவியனும்: பிறவியிலேயே வேற மாதிரி இருந்தா? (கேள்வி பதில்)

நெஞ்சு சிடி ஸ்கேன் பாத்து ரிப்போர்ட் எழுதுறது என் வேலை. ரத்தக்குழாய் எங்க கிளம்பி எந்த வழியா போகுதுன்னு கேளுங்க, மாத்திரை டோஸ் மட்டும் உங்க டாக்டர்கிட்ட.

கே: நார்மல்னா எப்படி இருக்கும்?

ப: இதயத்துல இருந்து கிளம்புற பெருநாடி மேல வளையுற இடத்துல இருந்து மூணு ரத்தக்குழாய்க் கிளை. முதல்ல இன்னாமினேட், அது வலது கைக்கும் வலது கழுத்துக்கும் பிரியும். அடுத்தது இடது கரோட்டிட் (கழுத்து வழியா தலைக்குப் போறது), கடைசியா இடது சப்கிளேவியன் (கைக்குப் போறது). முதல் ரெண்டும் ஒரே வாயில கிளம்புறது ரொம்ப சகஜம், அத பாத்து யாரும் தூக்கம் கெட வேண்டாம்.

கே: இருமலுக்கு சிடி எடுத்தேன், "அபெரன்ட் ரைட் சப்கிளேவியன்"னு வந்திருக்கு. ஆபத்தா சார்? வயசு 34.

ப: இல்லமா. வலது கைக்குப் போற குழாய் வழக்கமில்லாத இடத்துல கிளம்புதுன்னு அர்த்தம், சுருக்கமா ஏஆர்எஸ்ஏம்பாங்க. கருவுல ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா ரத்தக்குழாய் வளைவுகள் வரும், அதுல பலது தானா மறைஞ்சிடும். வலது நாலாவது வளைவு நிலைச்சு நின்னாதான் வலது சப்கிளேவியனோட அடிப்பகுதி சரியா அமையும். உங்களுக்கு அது மறைஞ்சு, அதுக்குக் கீழ இருந்த பின்பக்கத் துண்டு நின்னுடுச்சு, அதனால வலது கைக்கான குழாய் வளைவோட கடைசிக் கிளையா இடது பக்கம் கிளம்பி, பெரும்பாலும் உணவுக்குழாய்க்குப் பின்னால குறுக்கா தாண்டி வலது கைக்கு வருது. கிட்டத்தட்ட நூறு பேர்ல ஒருத்தருக்கு இப்படி இருக்கும், பாதிப் பேருக்கு மேல கடைசி வரைக்கும் ஒரு தொந்தரவும் வராது.

ஆனா ஒண்ணு. குரல் நாண் நரம்பு வலது பக்கத்துல வழக்கமா சப்கிளேவியனைச் சுத்தித்தான் மேல ஏறும். சுத்துறதுக்கு அங்க குழாயே இல்லாததால உங்களுக்கு அது கழுத்துலயே நேரா குரல்வளைக்குப் போயிடும். தைராய்டு ஆபரேஷன் பண்றவர் இத தெரியாம கை வச்சா குரல் போகலாம். அதனால கழுத்துல யார் கத்தி வைக்கிறதா இருந்தாலும் இந்த ரிப்போர்ட்டை முதல்ல காட்டுங்க.

கே: எனக்கும் அதே ரிப்போர்ட் சார், ஜிம் போலாமா?

ப: போலாம். ரிப்போர்ட்டை பத்திரமா வைங்க.

கே: அஞ்சாம் மாச ஸ்கேன்ல குழந்தைக்கு ஏஆர்எஸ்ஏ இருக்குன்னாங்க. டவுன் சிண்ட்ரோமா?

ப: டவுன் குழந்தைகள்ல இது அதிகமா தெரியுது, அதனாலதான் ஸ்கேன்ல தேடுறாங்க. அதுக்காக இது இருந்தாலே டவுன்னு அர்த்தம் கிடையாது. மத்ததெல்லாம் நார்மலா இருந்து, முன்ன எடுத்த ரத்த டெஸ்ட்லயும் ரிஸ்க் கம்மின்னு வந்திருந்தா பயம் ரொம்பவே குறையுது. ஃபீட்டல் எக்கோ (வயித்துக்குள்ள இருக்கற குழந்தையோட இதய ஸ்கேன்) எடுத்துட்டு ஃபீட்டல் மெடிசின் டாக்டர்கிட்ட உக்காந்து பேசுங்க, இந்த ஒரே வரிய வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

கே: அப்பாவுக்கு 66 வயசு, மூணு மாசமா சோறு இறங்கல. சிடில இந்தக் குழாய் இருக்கு. காரணம் கெடச்சிடுச்சுல்ல?

ப: இன்னும் கெடைக்கல. இந்தக் குழாய் அழுத்தி விழுங்க முடியாம போறது உண்டுதான், லண்டன்ல பேஃபோர்டுங்கற டாக்டர் 1794லயே எழுதி வச்சிருக்காரு. ஆனா இந்த வயசுல புதுசா சோறு இறங்கலைன்னா முதல் சந்தேகம் கேன்சர் மேலதான் வரணும். இந்த வாரமே எண்டோஸ்கோப்பி பண்ணுங்க.

கே (ஒரு சர்ஜன்): ஏன் தள்ளிப் போடணும்? குழாய் கிளம்புற இடம் பை மாதிரி வீங்கினா (கொமரெல் பைம்பாங்க) வெடிக்கும். கண்டதும் சரி பண்ணிடறது நல்லதுதானே?

ப: வீங்கியிருந்தா உங்க பக்கம்தான் நானும், அளந்து எழுதுறதே அதுக்குத்தான். வீங்காம தொந்தரவும் இல்லாத குழாயை எதுக்கு சார் தொடணும்? கழுத்துல வெட்டி கரோட்டிட்ல இணைச்சு, அடி வாயை ஸ்டென்ட் கிராஃப்ட் (துணி போர்த்தின கம்பிக்குழாய்) வச்சு அடைக்கணும், பக்கவாத ரிஸ்க் உண்டு.

கே (அதே சர்ஜன்): அப்போ 66 வயசுல மட்டும் ஏன் தொந்தரவு ஆரம்பிக்குது? முன்னாடியே பண்ணியிருந்தா வந்திருக்காதே?

ப: வயசாக ஆக குழாய் விறைச்சு நீளுது, உணவுக்குழாயும் இளக்கம் குறையுது, சிலருக்கு அந்தப் பை பெருசாகுது. இது சில பேருக்குத்தான். அந்தச் சில பேருக்காக நூத்துல ஒருத்தரை டேபிள்ல ஏத்த முடியாது. அந்தப் பையை 1936ல எக்ஸ்ரேல காட்டினவரு கொமரெல், அளவெடுக்க இன்னிக்கு சிடியே இருக்கு, பாத்துட்டே இருக்கலாம். இந்த அப்பாவுக்கு எண்டோஸ்கோப்பி முடியாம நீங்களும் கத்தி எடுக்க மாட்டீங்கன்னு நம்புறேன்.

கே: நாலு மாசக் குழந்தை, மூச்சு விட்டா கர்கர்னு சத்தம், பால் குடிச்சா அதிகமாகுது.

ப: இங்க காத்திருக்காதீங்க, இன்னிக்கே குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. காரணம் பல இருக்கலாம், ஆனா பெருநாடி வளைவு ரெண்டா இருந்து மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் வளையமா இறுக்கினாலும் இப்படித்தான் வரும். அதுக்கு ஆபரேஷன் இருக்கு, பாஸ்டன்ல கிராஸ்ங்கற சர்ஜன் 1945லயே பண்ணிட்டாரு.

கே: ஏஆர்எஸ்ஏ இருக்கு, பயமா இருக்கு சார்.

ப: மேல 34 வயசுக்காரங்களுக்கு எழுதினதை முழுசா படிங்க. ஐசியூல நாள் கணக்கா மூக்கு வழியா வயித்துக்கு டியூப் போட வேண்டி வந்தா வீட்டுக்காரங்க இத கட்டாயம் சொல்லணும், டியூப் உரசி உணவுக்குழாய்க்கும் இந்தக் குழாய்க்கும் நடுவுல ஓட்டை விழுந்தா ரத்தப்போக்கு உயிருக்கே ஆபத்து.

கே: கை தூக்கினா மரத்துப் போகுது, கழுத்துல எக்ஸ்ட்ரா எலும்புன்னாங்க.

ப: அது வளைவு சமாச்சாரம் இல்ல. வாஸ்குலர் (ரத்தக்குழாய்) சர்ஜன்கிட்ட போங்க.

கே: ஆஞ்சியோ வலது மணிக்கட்டு வழியா பண்ணலாமா? எனக்கும் அதே ஏஆர்எஸ்ஏ.

ப: முடியாதுன்னு இல்ல, ஆனா வயர் இதயப் பக்கம் திரும்பாம கீழ நழுவும், நேரமும் ஏத்துற டை மருந்தும் கூடுது. முன்னாடியே சொல்லிட்டா இடது கை வழியாவோ தொடை வழியாவோ போயிடுவாங்க. ஆஞ்சியோ அன்னிக்கு இந்த சிடி ஃபிலிமையும் கையோட எடுத்துட்டுப் போங்க.