பிரதமராவதற்கு முன் அமைச்சர் அனுபவம்: பிரிட்டிஷ் அரசியல் குறித்த கேள்வி பதில்

கேள்வி: அமைச்சர் பதவியையே வகிக்காத ஒருவர் நேராகப் பிரதமராவது பிரிட்டனில் வழக்கம்தானா?

பதில்: வழக்கம் என்று சொல்ல முடியாது. கடந்த ஏறத்தாழ நூறாண்டுகளில் நான்கு பேர் அப்படி வந்திருக்கிறார்கள்: 1924-இல் ராம்சே மெக்டொனால்டு, 1997-இல் டோனி பிளேர், 2010-இல் டேவிட் கேமரூன், 2024-இல் கியெர் ஸ்டார்மர். இதை அவர்களுடைய குறையாகக் கொள்வது சரியன்று. பிளேர் 1983-இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தபோது தொழிலாளர் கட்சி எதிர்வரிசையில் இருந்தது. 1997 வரை அங்கேயே இருந்தது. கட்சிகள் பதின்மூன்று, பதினான்கு, பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆட்சிக்கு வெளியே இருந்தால் அடுத்த தலைமுறைக்கு அமைச்சர் பதவி எங்கிருந்து கிடைக்கும்? மேலும், கேமரூன் 1992-இல் நிதியமைச்சர் நார்மன் லமோன்ட்டின் ஆலோசகராகப் பணியாற்றியவர்; பவுண்டு சரிந்த நாளை அருகிலிருந்து கண்டவர். ஸ்டார்மர் 2008 முதல் 2013 வரை அரசு வழக்குத் தொடர்வுத் துறையின் தலைவராக இருந்தவர். பதவிப் பட்டியலில் அமைச்சர் என்ற சொல் இல்லை என்பதற்காக அரசு எப்படி இயங்குகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கேள்வி: லிஸ் டிரஸ் எட்டு ஆண்டுகள் அமைச்சரவையில் இருந்தார். ஆனால் 2022-இல் பிரதமராக 49 நாட்கள்தான் நீடித்தார். அப்படியென்றால் அனுபவத்தால் என்ன பயன்?

பதில்: ஆண்டுகளை எண்ணாதீர்கள். இதை நான் எப்போதும் வலியுறுத்துவேன். இன்றும் பலமுறை வலியுறுத்த வேண்டியிருக்கும். டிரஸ் 2014 முதல் சுற்றுச்சூழல், நீதி, கருவூலத் தலைமைச் செயலர், வணிகம், வெளியுறவு என ஐந்து பொறுப்புகளைக் கடந்து வந்தார். எதிலும் ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு மேல் தங்கவில்லை. ஓர் அமைச்சர் எடுத்த முடிவின் விளைவு தெரிய மூன்று நான்கு ஆண்டுகளாவது ஆகும். விளைவு வருவதற்குள் துறை மாறிவிட்டால், அந்த விளைவைச் சுமப்பவர் வேறொருவராகிவிடுகிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அனுபவம் தலைவரிடம் மட்டும் இருப்பதன்று. துறையின் நிரந்தர அதிகாரிகளிடமும் இருக்கிறது. டிரஸ் பதவியேற்ற சில நாட்களிலேயே கருவூலத்தின், அதாவது நிதித்துறையின், நிரந்தரச் செயலர் டாம் ஸ்காலர் நீக்கப்பட்டார். 2022 செப்டம்பர் 23 அன்று ஏறத்தாழ 45 பில்லியன் பவுண்டு வரிக்குறைப்பு, அரசின் நிதிநிலையைச் சுதந்திரமாக மதிப்பிடும் வரவு செலவுப் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு வெளியிடப்படாமலேயே அறிவிக்கப்பட்டது. ஐந்து நாட்களில் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி கடன்பத்திரச் சந்தையில் தலையிட வேண்டியதாயிற்று. தன்னிடம் உள்ள அனுபவத்தை நம்பி, நிறுவனத்தின் நினைவாற்றலை ஒதுக்கியதுதான் அங்கே நடந்தது.

கேள்வி: மக்கள் தேர்ந்தெடுக்காத டிரஸ், அவருக்குப் பின் வந்த ரிஷி சுனக் போன்றவர்கள் எப்படிப் பிரதமராக முடிந்தது?

பதில்: பிரிட்டனில் மக்கள் பிரதமரைத் தேர்ந்தெடுப்பதில்லை, தொகுதி உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மக்களவையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவரை மன்னர் அழைக்கிறார். 1940-இல் சர்ச்சிலும், 1990-இல் ஜான் மேஜரும், 2007-இல் கோர்டன் பிரவுனும் இவ்வாறே வந்தார்கள்.

கேள்வி: பிரதமர்களுள் மிகுந்த அமைச்சர் அனுபவம் கொண்டவர் யார்?

பதில்: ஆண்டுக்கணக்கில் சர்ச்சிலைச் சொல்வார்கள். பொறுப்புகளின் கனத்தைக் கொண்டு நான் ஜேம்ஸ் கேலகனைச் சொல்வேன். நிதி, உள்துறை, வெளியுறவு, பிரதமர் ஆகிய நான்கு பெரும் பதவிகளையும் வகித்தவர் அவர் ஒருவரே.

1964-இல் நிதியமைச்சரான அவர் பவுண்டின் மதிப்பைக் காக்க மூன்றாண்டுகள் போராடித் தோற்றார். 1967 நவம்பரில் அது 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைக்கப்பட்டபோது பொறுப்பேற்று அப்பதவியிலிருந்து விலகி உள்துறைக்குச் சென்றார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, பிரதமராக, அதே பவுண்டு நெருக்கடியை மீண்டும் எதிர்கொண்டார். சர்வதேச நாணய நிதியத்திடம் 3.9 பில்லியன் டாலர் கேட்க வேண்டிய நிலை; அதுவரை அந்நிதியத்திடம் யாரும் கேட்டிராத பெரிய தொகை. செலவைக் குறைக்க வேண்டும் என்ற நிபந்தனை அவருடைய தொழிலாளர் கட்சியைப் பிளந்திருக்கும். கேலகன் அவசரப்படவில்லை. அமைச்சரவையைத் திரும்பத் திரும்பக் கூட்டினார். அமைச்சர்கள் டோனி பென் தமது மாற்றுத் திட்டத்தையும் ஆன்டனி கிராஸ்லாந்து தமது ஆட்சேபனையையும் முழுமையாக எடுத்துரைக்க இடம் கொடுத்தார். இறுதியில் கிராஸ்லாந்து பிரதமரின் பக்கம் நின்றார். ஓர் அமைச்சர்கூட விலகவில்லை. தோற்ற நிதியமைச்சராக இருந்த ஒருவரால்தான் தம் நிதியமைச்சர் டெனிஸ் ஹீலியை அவ்வளவு பொறுமையாகத் தாங்கிப் பிடித்திருக்க முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். நீங்கள் போற்றும் அதே கேலகன் 1978 அக்டோபரில் தேர்தலை நடத்த அஞ்சி ஒத்திப்போட்டார், ஆட்சியையே இழந்தார். அனுபவம் அவரைக் கோழையாக்கியது என்று ஏன் சொல்லக் கூடாது?

பதில்: நல்ல கேள்வி, பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தவறு அச்சத்தில் இல்லை. அவருக்குப் பெரும்பான்மை இல்லை; கருத்துக்கணிப்புகள் தெளிவான வெற்றியைக் காட்டவில்லை; காத்திருப்பது அறிவற்ற முடிவன்று. ஊதிய உயர்வுக்கு 5 விழுக்காடு என்ற வரம்பை விதித்து, தொழிற்சங்கங்கள் அதை ஏற்கும் என்று நம்பியதே தவறு.

கேள்வி (மேற்படி நண்பர்): அந்த நம்பிக்கையும் அனுபவத்திலிருந்து வந்ததுதானே? 2007-இல் பிரவுனும் இதே போலத் தேர்தலை நடத்தாமல் பின்வாங்கினார். அவரும் பத்தாண்டு நிதியமைச்சர். இரண்டு பேரும் நீண்ட அனுபவசாலிகள், இரண்டு பேரும் தயங்கித் தோற்றவர்கள்.

பதில்: முதல் பகுதி என்னை யோசிக்க வைத்தது. கேலகன் தொழிற்சங்கத்திலிருந்து வளர்ந்தவர். 1969-இல் தம் அரசே கொண்டுவந்த தொழிற்சங்கச் சீர்திருத்தத்தை அமைச்சரவைக்குள்ளிருந்தே எதிர்த்தவர். சங்கத் தலைவர்களின் மனம் தமக்குத் தெரியும் என்று நம்பினார். ஆனால் பெரிய சங்கங்களின் தலைவர்களான ஜாக் ஜோன்ஸும் ஹியூ ஸ்கேன்லனும் 1978-இல் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர்களுடைய இடத்துக்கு வந்தவர்களால் கீழ்மட்டத் தொழிலாளர்களைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ஃபோர்டு ஆலை வேலைநிறுத்தம் 17 விழுக்காடு அளவில் முடிந்ததும் வரம்பு தகர்ந்தது. மருத்துவமனை ஊழியர்களும் துப்புரவுப் பணியாளர்களும் அந்தக் குளிர்காலத்தில் வீதிக்கு வந்தார்கள். 1979 மார்ச் 28 அன்று 311-க்கு 310 என்று ஒரே வாக்கில் அரசு கவிழ்ந்தது. எனவே, அனுபவம் கோழையாக்கவில்லை. ஆனால் அது பழையதாகிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. இதை உங்கள் வாதத்தின் வெற்றியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரவுனைப் பற்றி மட்டும் இணங்க மாட்டேன். 2008 அக்டோபரில் வங்கிகள் சரிந்தபோது, அரசே அவற்றில் மூலதனம் இட வேண்டும் என்று விரைந்து முடிவெடுத்தது அவருடைய பத்தாண்டுக் கருவூல அறிவு. அந்த வாரத்தில் கருவூலத்தை அறியாத ஒருவர் பிரதமராக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

கேள்வி: சுனக்கை யார் தேர்ந்தெடுத்தார்கள்? மக்கள் வாக்களிக்கவில்லையே?

பதில்: மேலே விடை இருக்கிறது.

கேள்வி: அடுத்த பொதுத் தேர்தலில் யார் வெல்வார்?

பதில்: ஆரூடம் என் துறையன்று. கருத்துக்கணிப்புகளை ஆராய்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: ஆறாண்டு உள்துறை அமைச்சராக இருந்த தெரசா மே 2017-இல் ஏன் பெரும்பான்மையை இழந்தார்? ஆண்டுகள் போதவில்லையா?

பதில்: மீண்டும் ஆண்டுகள். கோப்புகளைத் தனித்து ஆராய்ந்து முடிவெடுப்பது உள்துறையில் பலித்தது; வாக்காளர் முன்னால் நின்று வாதாடும் பணி முற்றிலும் வேறு.

கேள்வி: தலைவரைவிடக் கட்சியின் மரபே முக்கியம் என்கிறீர்களா?

பதில்: குழுவின் மரபு என்று சொல்வேன். 1945-இல் கிளெமென்ட் அட்லியின் அரசு அவ்வளவு சாதித்ததற்குக் காரணம், அட்லி, எர்னஸ்ட் பெவின், ஹெர்பர்ட் மாரிசன், ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ் ஆகியோர் போர்க்காலக் கூட்டணி அரசில் ஏற்கெனவே துறைகளை நடத்தியிருந்தார்கள் என்பதே. அந்தத் தளம் இருந்ததால்தான், அதற்குமுன் எந்தப் பதவியும் வகிக்காத அனைரின் பெவனிடம் சுகாதாரத்தை ஒப்படைக்க முடிந்தது. 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை பிறந்தது.

கேள்வி: அப்படியானால் ஸ்டார்மர் 2024-இல் வெறுங்கையோடுதான் வந்தாரா?

பதில்: இல்லை. அவருடைய முதல் அமைச்சரவையில் இவெட் கூப்பர், எட் மிலிபாண்டு, ஹிலரி பென் மூவரும் பிரவுனின் அமைச்சரவையில் இருந்தவர்கள். 1976-இல் கேலகனின் மேசையில் மாற்றுத் திட்டத்தோடு அமர்ந்திருந்த டோனி பென்னின் மகன்தான் ஹிலரி பென்.