காப்புறுதிக்காரரோடு சண்டை வேண்டாம், முதலில் படகை எடுங்கள்

கேள்வி: நானும் நண்பரும் பாதிப் பாதியாக வாங்கிய 12 மீற்றர் பாய்மரப் படகில் கனடாவின் வடக்கே ஆர்க்டிக் தீவுகளுக்கு இடையே செல்லும் வடமேற்குக் கடல்வழியால் போனோம். கடந்த செப்டெம்பரில் சிம்சன் நீரிணையில் பாறையில் மோதிச் சுக்கான் உடைந்தது. படகு நுனாவுட்டில், ஜோ ஹேவன் கரையில் கிடக்கிறது. தரகர் "பிரச்சினை இல்லை, போங்கோ" என்றவர். காப்புறுதி நிறுவனமோ நட்டஈட்டை மறுத்துவிட்டு, நல்லெண்ணத் தொகையாகச் சேதத்தில் கால்வாசி தருகிறதாம். நண்பர் பேசுவதே இல்லை. வழக்குப் போடலாமா?
- ரொறன்ரோ வாசகர்

பதில்: நிறுவனத்தின் மீது போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய பொலிசியின் இரண்டாம் பக்கத்தில் பயண எல்லை 60 பாகை வடக்கு என்றிருக்கிறது. ஜோ ஹேவன் 68 பாகைக்கும் மேலே. பாறை தெற்கிலும் இருக்கும்தானே என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அது எடுபடாது. 1983 இல் கனடா உச்ச நீதிமன்றம் பாம்செல் என்ற கலத்தின் வழக்கில் காப்புறுதி எடுத்தவர் பக்கம் சாய்ந்ததே என்று யாராவது சொல்வார்கள். அங்கே இரவுக் காவலாளி வேண்டும் என்பது நிபந்தனை, கலம் மூழ்கியதோ பகலில், நிபந்தனை பொருந்தாத நேரத்தில். உங்கள் படகு எல்லைக்கு வெளியே நின்றபோதே மோதியது. வட கடலில் போகும் கலங்கள் கடலோரக் காவல்படைக்கு அறிவிக்கும் நோர்ட்ரெக் முறையில் பயணத்தைத் தெரிவித்ததும் உதவாது. 300 தொன்னுக்குக் குறைந்த படகுக்கு அது விருப்பம்போல் செய்வது, காப்புறுதிக்கு அனுமதி அல்ல. நண்பரின் கோபத்துக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.

எனக்குக் கவலை வேறு. "கைவிடல் அறிவித்தல் கொடுத்துவிட்டேன், இனிப் படகு அவர்களுடையது" என்று எழுதியிருக்கிறீர்கள். படகை நிறுவனத்திடம் விட்டுவிட்டு முழு இழப்பாகக் கணக்கிடக் கேட்கும் கடிதம்தான் அது. இல்லை. நிறுவனம் ஏற்றால்தான் அது கைமாறும். மறுத்தால் படகு உங்களுடையதே. இந்த நம்பிக்கையில்தான் என்னிடம் வந்த பலர் மாட்டினார்கள். வழக்கு முடியும்வரை சாட்சியாகக் கிடக்கட்டும் என்று விட்டார்கள். ஒரு குளிர்காலப் பனி அடிப்பகுதியை நெரித்தால் தாங்கியிலுள்ள டீசல் கரைக்கு வரும். பிறகு கடலோரக் காவல்படை துப்புரவாக்கும், பில் உரிமையாளருக்கு வரும். 2019 இல் நடைமுறைக்கு வந்த சிதைந்த, கைவிடப்பட்ட, ஆபத்தான கலங்கள் பற்றிய சட்டத்தில் படகைக் கைவிடுவதே குற்றம். அரசு அகற்றினால் செலவும் உங்கள் தலையில். ஆதலால் இப்போதே டீசலை இறைத்தெடுக்க ஊரில் ஆள் பேசுங்கள், படம் எடுத்து வையுங்கள். ஓகஸ்டில் பனி விலகும்போது வரும் சரக்குக் கப்பலில் ஏற்ற இடம் கேளுங்கள், அல்லது கிடக்கும் நிலையிலேயே வாங்குபவருக்கு எழுத்தில் விற்றுப் பதிவை மாற்றுங்கள். பேரம் பேசி இந்தக் கோடையைத் தவறவிடாதீர்கள்.

கால்வாசியை வாங்குங்கள். உங்களிடம் இருப்பதை வைத்துப் பார்த்தால் இது தாராளம். ஆனால் இனி எதுவும் கேட்கமாட்டோம் என்று நீங்கள் ஒப்பமிட அவர்கள் தரும் விடுவிப்புப் பத்திரத்தில் "நிறுவனமும் அதன் முகவர்களும் தரகர்களும்" என்று வரும் வரியை வெட்டச் சொல்லுங்கள். உங்கள் நல்ல வழக்கு தரகர் மீதுதான்: எல்லையை நீட்டக் கேட்ட உங்கள் மின்னஞ்சலுக்கு அவர் "அனுப்பிவிட்டேன்" என்று பதில் போட்டிருக்கிறார், நிறுவனம் ஒப்புக்கொண்டதா என்று கடைசிவரை சொல்லவில்லை. அந்த வரியோடு ஒப்பமிட்டால் அதுவும் போய்விடும். தரகர் மீது வழக்குப் போடக் கடல்சார் சட்டப்படி 3 ஆண்டு உண்டு என்று வாதாடலாம். நம்பவேண்டாம், நிறுவனம் மறுத்த நாளிலிருந்து 2 ஆண்டு என்றே எண்ணுங்கள். பத்திரத்தில் நண்பரின் ஒப்பமும் வேண்டும். அதற்காவது அவரோடு பேசுங்கள்.