கண்ணு தெரியாதவங்களுக்கும் ஓசிடி வருமா?

வரும். ஓசிடின்னா, வேண்டாத சந்தேகமோ பயமோ மனசுல ஓயாம வந்து, அது அடங்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்ப செய்ய வைக்கிற மனநலப் பிரச்சினை. பார்க்கவே முடியாதவங்களுக்கு அழுக்கு பயம் எப்படின்னு கேட்டிருக்கீங்க, ஓசிடி கண்ணுல இல்லைங்க, சந்தேகத்துல இருக்கு. கேஸ் அடுப்பு திருகை ஒருதடவை தடவிப் பாத்துட்டு கிளம்புறது அவங்களுக்கு சாதாரண பழக்கம், அதை நோய்னு சொல்றது அநியாயம், ஆனா ஆஃப்னு விரலுக்குத் தெரிஞ்சும் மனசு ஒத்துக்காம வாசல்லேந்து திரும்பத் திரும்ப வந்து தடவி ஆபீஸுக்கே லேட்டாகுதுன்னா அதான் ஓசிடி. "அம்மா, கையில கறை இருக்கா பாரு"ன்னு ஓயாம கேக்குறதும் இதுல சேத்திதான். வீட்ல பாவம் உதவின்னு நெனச்சு ஒவ்வொரு தடவையும் "இல்லடா"ம்பாங்க, அந்த பதில்தான் அதுக்கு தீனி. ட்ரீட்மென்ட் எல்லாருக்கும் உள்ளதேதான், ஈஆர்பிங்கிற (பயத்தை எதிர்கொண்டு, திரும்பச் செய்யாம இருக்கப் பழக்குற) தெரபி, எஸ்எஸ்ஆர்ஐங்கிற பதட்டத்தைக் குறைக்கிற வகை மாத்திரை. தெரபில ஒரே தடவை தொட்டுட்டு, பதட்டம் தானா இறங்குறவரை மறுபடி தொடாம, யாரையும் கேக்காம இருக்கப் பழக்குவாங்க. யார்கிட்ட போறதுன்னு தெரியலைன்னா அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416, ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம்.