இறங்கப் பழகிய கால் வேண்டும்
வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியரின் பதில்கள்

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன், வயது 38. இரணைமடுக் குளக்கட்டில் தினமும் ஓடுவேன். பதினைந்து கிலோமீற்றர் நிற்காமல் போக முடியும். வருகிற தை மாதம் நுவரெலியாப் பக்கம் நடக்கும் அரை மரதனுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பாதை முழுக்க ஏற்ற இறக்கம், பார்க்க நல்ல அழகு என்கிறார்கள். வன்னியில் மலைக்கு எங்கே போவது, சேர்? 21 கிலோமீற்றரை இரண்டேகால் மணித்தியாலத்தில் முடிப்பேன் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சரிவருமா?

பதில்: கணக்கு வாத்தியாருக்குச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சரிவராது தம்பி. நூறு மீற்றர் முன்னே போவதற்குள் பத்து மீற்றர் மேலே ஏற்றும் பாதையில், அதே வேகத்தில் ஓட ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். இறங்கும்போது அது முழுக்கத் திரும்பி வராது. போதாததற்கு நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றமுக்கம் எங்கள் பக்கத்தில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான், ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனும் அவ்வளவுதான். முதல்நாள் பஸ்ஸில் போய் இறங்கும் உடம்பு ஓர் இரவில் அதற்குப் பழகிவிடாது.

அதனால் மணிக்கூட்டை விட்டுவிட்டு மூச்சைக் கவனியுங்கள். பக்கத்தில் ஓடுகிறவரோடு ஒரு முழு வசனம் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்குள் மூச்சு முட்டினால் நடவுங்கள். ஏற்றத்தில் நடப்பதில் வெட்கம் என்ன? செங்குத்தான இடத்தில் விறுவிறென்று நடப்பவரும், தத்தித் தத்தி ஓடுபவரும் மேலே போய்ச் சேருவது பெரும்பாலும் ஒன்றாகத்தான். தேயிலை மலையைப் பார்ப்பதென்றாலும் அதுதான் நேரம். இறங்கும்போது கண் றோட்டில் இருக்கட்டும். பனி படிந்த வளைவு, ஓரத்தில் பாசி பிடித்த வடிகான், எதிரே கோர்ன் அடித்தபடி ஒரு பஸ்.

எல்லாரும் என்னிடம் ஏற்றத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வன்னியிலிருந்து போகிறவரை முடக்குவது இறக்கம். சோளகக் காற்றை எதிர்த்துக் குளக்கட்டில் ஓடிய நெஞ்சு ஏற்றத்தை எப்படியோ சமாளிக்கும். இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் முன்தொடைத் தசை இழுபட்டு நீண்டபடியே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டும். சமதரையில் அந்த வேலை குறைவு. பழகாத தசைநார்களில் நுண்ணிய காயங்கள் விழும். ஓட்டத்தின் பின்பாதியில் தொடை நடுங்கத் தொடங்கும். அடுத்த இரண்டு மூன்று நாள் வகுப்பில் கதிரையை விட்டு எழும்ப மேசையைப் பிடிக்க வேண்டிவரும். ஆனால் தசை இதைக் கெதியாகப் படித்துக்கொள்ளும். ஒருமுறை இறக்கத்தில் நொந்த கால், பிறகு சில வாரங்களுக்கு அதே அளவு நோகாது. ஓட்டத்துக்கு இரண்டு மூன்று கிழமை முன்னதாகவே அந்த நோவை இங்கேயே வாங்கி வையுங்கள்.

மலைக்கு எங்கே போவது? உங்கள் பாடசாலையில் மாடிக் கட்டடம் இருக்கும்தானே. பிள்ளைகள் போனபிறகு படிக்கட்டில் ஏறி இறங்குங்கள். ஏறுவது எப்படியும் ஏறலாம். இறங்குவதுதான் பாடம்: ஒவ்வொரு படியாக, முழங்காலை மடக்கி, சத்தம் கேட்காமல் கால் வைக்க வேண்டும். டக் டக் என்று கேட்டால் அடி பலமாக விழுகிறது. முதல்நாளே அரை மணித்தியாலம் போட்டு மறுநாள் லீவு எடுக்காதீர்கள், ஐந்து நிமிடத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போங்கள். குளக்கட்டுக்கு வாகனம் ஏறுகிற சரிவும் உதவும், சின்னதென்றாலும் திரும்பத் திரும்ப ஓடலாம். புல்லுச் சரிவில் மட்டும் ஓட வேண்டாம், மண் கரையும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் குளம் நிறைந்து வான் பாயும் நாட்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள். படிக்கட்டுக்கு மழையும் இல்லை, வெள்ளமும் இல்லை.

இளம் வயதில் நான் ஹற்றன் பக்கம் படிப்பித்தேன். எப்படி இறங்குவது என்பதை அங்கே கொழுந்து எடுக்கிற அம்மாமாரைப் பார்த்துத்தான் அறிந்தேன். முதுகில் நிறைந்த கொழுந்து, மழையில் ஊறிய ஒற்றையடிப் பாதை. அடி எட்டி வைக்க மாட்டார்கள். முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடிந்தே இருக்கும், உடம்பு பின்னுக்குச் சாயாது, பார்வை நாலு அடி முன்னே. அந்த வீட்டுப் பிள்ளைகள் ஓடும்போதும் அப்படித்தான் இறங்கினார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் பயத்தில் பின்னுக்குச் சாய்ந்து, காலை நீட்டிக் குதியை ஊன்றிப் பிறேக் பிடிப்பார்கள். தொடையைத் தின்பது அந்தப் பிறேக்தான்.

மிச்சம் சின்ன விஷயங்கள். இறக்கத்தில் கால்விரல் சப்பாத்தின் முனையில் இடிக்கும். இரண்டு நாள் முன்பே நகத்தை வெட்டி, கணுக்கால் பக்கம் நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். புதுச் சப்பாத்து வேண்டாம். தை விடியலில் அங்கே குளிர் பத்துப் பாகைக்குக் கீழேயும் போகும், ஓட்டம் தொடங்கும்வரை போட்டிருக்க ஒரு பழைய சட்டை கொண்டுபோங்கள். காலையில் பாணும் வாழைப்பழமும் போதும்.

கேள்வி: ஓடுவதற்கு முன்பே ஒரு நோக்குளிசை போட்டால் கால்நோவு தெரியாது என்கிறார்களே? (மாங்குளம் வாசகர்)

பதில்: போடாதீர்கள். ஐபுபுரோபன், டைக்ளோபினாக் போன்ற குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அது இன்னும் ஆபத்து. வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோயால் எத்தனை குடும்பம் ஆஸ்பத்திரிக்கு அலைகிறது என்று உங்களுக்கே தெரியும். நோவு என்பது வேகத்தைக் குறை என்று கால் சொல்வது. அதன் வாயை ஏன் அடைக்கிறீர்கள்?

கேள்வி: விடிய ஓடப் போனால் நாய்கள் துரத்துகின்றன. ஆட்களும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள், ஐயா. என்ன செய்யலாம்? (புதுக்குடியிருப்பு வாசகி)

பதில்: ஆட்களின் பார்வைக்கு மருந்து துணை, மகள். வலைப்பந்து விளையாடிய கூட்டாளிமார் இரண்டு பேரைப் பிடியுங்கள். ஒருத்தி ஓடினால் ஊர் கதைக்கும், மூன்று பேர் ஓடினால் ஏதோ போட்டிக்குப் பயிற்சி என்று விட்டுவிடும். நாய் வந்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். முதுகைக் காட்டாமல், கண்ணுக்குள் முறைக்காமல், மெல்ல நடந்து விலகுங்கள். ஓடுகிறதைத்தான் அது துரத்தும். கடித்துவிட்டால், சின்னக் கீறல் என்றாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று உரிமையாளர் சொன்னாலும் போக வேண்டும்.