சாய்தளம் கட்டியாயிற்று, ஏன் யாரும் வரவில்லை?

அன்புள்ள ஐயா,

கடலூரில் ஒரு கத்தோலிக்கப் பங்கின் (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் குழு) நிர்வாகப் பேரவையில் இருக்கிறேன். போன வருடம் நன்கொடை திரட்டி, கோயில் வாசலில் மூன்று படிகளை ஒட்டி ஆறடி நீளத்துக்குச் சாய்தளம் கட்டினோம். போலியோவால் சக்கர நாற்காலியில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர், காது கேளாத அண்ணன் தம்பி, ஆட்டிசம் உள்ள ஒரு பையன் என்று எங்கள் பங்கில் சிலர் உண்டு. யாரும் பூசைக்கு வருவதில்லை. செலவு வீண் என்று பேரவையிலேயே பேச்சு வந்துவிட்டது. இன்னும் என்ன செய்வது?

ஒரு வாசகர், மஞ்சக்குப்பம்

அன்புள்ள நண்பருக்கு,

செலவு வீண் இல்லை. ஆனால் முதலில் அந்தச் சாய்தளத்தை அளந்து பாருங்கள். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பதுதான் கணக்கு. மூன்று படியும் சேர்ந்து ஒன்றரை அடி என்றால் 18 அடி வேண்டும். ஆறடியில் முடித்திருந்தால் டீச்சர் தானாக ஏற முடியாது. இறங்கும்போது நாற்காலி கையை மீறி ஓடும். வழவழப்பான டைல்ஸ் என்றால் கார்த்திகை மழையில் இன்னும் ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை அதன் முன்னால் பைக்குகள் நிற்கின்றனவா என்றும் பாருங்கள்.

கட்டுவதற்கு முன் டீச்சரிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. என் ஆதங்கமெல்லாம் அங்கேதான். எரிகோ வழியோரம் பிச்சை எடுத்த பார்வையற்ற பர்த்திமேயுவை அழைத்ததும், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்றுதான் இயேசு கேட்கிறார். அவருக்குப் பார்வை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் வாயால் சொல்லட்டும் என்று கேட்கிறார். நாம் அவர் செய்த அற்புதத்தைக் கேட்கும் ஆவலில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

புதுவையில் என் அத்தைக்குச் சிறு வயதிலேயே ஒரு கால் சூம்பிவிட்டது. கோயிலுக்குப் போனால் யாராவது, அவரைக் கேட்காமலே தலையில் கைவைத்து ஜெபிக்கத் தொடங்குவார்கள். விசுவாசம் இருந்தால் நடப்பாய் என்பார்கள். நடக்கவில்லை என்றால் அத்தையின் விசுவாசத்தில் குறை என்றாகிவிடும். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று பதில் வந்தது யோவான் நற்செய்தியிலேயே இருக்கிறது. அப்புறமும் இந்தப் பேச்சு நம்மை விட்டுப் போகவில்லை. அத்தைக்கு நல்ல குரல். பாடற்குழுவுக்கு வருகிறாயா என்று ஒருவரும் கேட்டதில்லை. கடைசியில் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

வேளாங்கண்ணிக்கும் வில்லியனூர் மாதா கோயிலுக்கும் வேண்டுதலோடு மாற்றுத்திறனாளிகளை அழைத்துப் போகிறோம். சொந்தப் பங்கில் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கவோ, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தவோ, பேரவையில் உட்காரவோ கூப்பிடுவதில்லை. உங்கள் சாய்தளம் எதுவரை போகிறது? பீடத்துக்கு முன்னாலும் படிகள் இருக்குமே. டீச்சர் உள்ளே வந்தாலும் வாசகம் வாசிக்க ஏற முடியாது. வாசிக்கும் மேடையைக் கீழே இறக்கி வையுங்கள், ஒரு ரூபாய் செலவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. சாய்தளம் அதில் சிலருக்குத்தான் உதவும். காது கேளாத சகோதரர்களுக்குச் சைகை மொழி வேண்டும், மறையுரை எழுத்தில் வேண்டும். பாளையங்கோட்டையில் 1897இலேயே காது கேளாதோருக்குப் பள்ளி தொடங்கியவர் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற மிஷனரி. 2024 மே மாதம் திருச்சூரில் ஜோசப் தேர்மடம் என்ற காது கேளாத துறவி குருப்பட்டம் பெற்றார். பூசை நிறைவேற்றவே அவர்களால் முடியும் என்றால், உங்கள் பங்கின் அண்ணன் தம்பிக்குக் கோயிலில் ஒரு பொறுப்பு கொடுக்க என்ன தயக்கம்?

பையனுக்கு ஒருவேளை ஒலிபெருக்கிச் சத்தம்தான் சிக்கலாக இருக்கலாம். அவன் அம்மாவிடம் கேளுங்கள். பூசை நடுவே அவன் எழுந்து நடந்தாலோ கத்தினாலோ யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று சாமியாரே ஒருமுறை பீடத்திலிருந்து சொன்னால், அந்த அம்மா அடுத்த வாரமும் வருவார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் பல குடும்பங்கள் வீட்டிலேயே இருந்துவிடுகின்றன.

சரி, அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு இவர்கள் எல்லாரையும் நேரில் போய் அழையுங்கள். கூட்டம் மாடியில் என்றால் கீழே மாற்றுங்கள். டீச்சர் முதலில் பேசட்டும்.