வயதோடு நூறைக் கூட்டாதீர்கள்: முதியோர் பக்கவாதம் குறித்த கேள்வி பதில்

பொது மருத்துவ வார்டில் முப்பது ஆண்டுகள் கழித்தவன் நான். வந்த கேள்விகளில் பாதி, மாத்திரையை நிறுத்தலாமா என்பதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்பாவுக்கு 72 வயது. பிரஷர் 130/80க்கு வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். சரிதானா ஐயா? (திருச்சி வாசகி)

சரியில்லை அம்மா. மடையை அடைத்திருப்பதால் வயலில் தண்ணீர் ஏறவில்லை. ஏறவில்லையே என்று மடையைத் திறந்துவிடுவோமா? மாத்திரை உள்ளே போவதால்தான் 130. நிறுத்தினால் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். தலைவலியோ கிறுகிறுப்போ வந்து எச்சரிக்கும் என்று காத்திருக்க முடியாது. என் வார்டுக்குப் பக்கவாதத்தால் வாய் கோணி வந்தவர்களின் வீட்டாரிடம் மாத்திரைச் சீட்டைக் கேட்பேன். “நல்லாயிட்டாருன்னு நிறுத்திட்டோம் சார்” என்ற பதிலை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை.

எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறது என்பதற்காக நிறுத்தியிருந்தால் அது வேறு விஷயம். உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு முறை அளந்து பார்த்து மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார். அந்த முடிவை அப்பா தனியாக எடுக்க வேண்டாம்.

வயதோடு 100 கூட்டினால் வரும் பிரஷர் இருக்கலாம் என்கிறார்களே? (நாகர்கோவில் வாசகர்)

அந்தக் கணக்கைப் பரப்பியதில் பழைய தலைமுறை மருத்துவர்களுக்கும் பங்குண்டு, ஒப்புக்கொள்கிறேன். மேல் அளவு (130/80 என்றால் அந்த 130) மட்டும் உயர்ந்திருந்த 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1991இல் வெளிவந்தது. பக்கவாதம் 36 சதவீதம் குறைந்திருந்தது. 80 வயதைக் கடந்தவர்களுக்கும் மருந்து பலன் தருகிறது என்பது 2008இல் உறுதியானது. 75 வயதுக்காரருக்கு 175 வந்தால் அது வயதின் அளவல்ல, வியாதியின் அளவு.

மாத்திரை வாங்க மாதாமாதம் ஊருக்குப் போக முடியவில்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

இந்துப்புக்கு மாறிவிட்டோம். இனி பயமில்லையே?

இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். நிறத்துக்கும் விலைக்கும் ஏமாறாதீர்கள். ஒருவருக்கு நாளெல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் கருவாடும் அதற்குள்தான் அடக்கம். சோறு வடிக்கும்போது உப்புப் போடும் வழக்கத்தை விட்டாலே நல்ல தொடக்கம். பொட்டாசியம் கலந்த உப்பு பக்கவாதத்தைக் குறைப்பதாகச் சீனக் கிராமங்களில் நடந்த ஆய்வு காட்டியது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாமா? எனக்கு 74, வேறு நோயில்லை. (மதுரை வாசகர்)

வேண்டாம். இதயநோயோ பக்கவாதமோ முன்பு வராத முதியவர்களுக்கு அது தரும் பலனைவிட இரத்தக்கசிவு ஆபத்துதான் பெரிது. ஏற்கெனவே வந்தவர்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அதை நிறுத்தக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டு உங்களுக்குச் செல்லாது.

அம்மாவின் நாடி தாளமில்லாமல் அடிக்கிறது. வயதுக் கோளாறா?

உடனே ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள். இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் துடித்துக்கொண்டிருந்தால் உள்ளே இரத்தம் தேங்கிக் கட்டியாகும். அது மூளைக்கு ஏறினால் பக்கவாதம். இந்தக் கோளாறு அபாயத்தை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குகிறது. இதற்கு ஆஸ்பிரின் போதாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வேறு மருந்துகள் உள்ளன. மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்துப் பார்க்கச் செலவே இல்லை. அதையும் ஒருவரும் செய்வதில்லை.

மாமாவுக்குப் பத்து நிமிடம் பேச்சு குழறியது. பிறகு சரியாகிவிட்டது. திங்கட்கிழமை காட்டலாம் என்றிருக்கிறோம். (சேலம் வாசகி)

இதைப் படித்ததும் கிளம்புங்கள் அம்மா. சரியாகிவிட்டதே என்பதுதான் இதில் உள்ள கண்ணி. முழுப் பக்கவாதம் வரும் வாய்ப்பு முதல் இரண்டு நாள்களில்தான் மிக அதிகம்.

வந்துவிட்டால் வீட்டில் முதலில் என்ன கொடுக்க வேண்டும்? புறா இரத்தம் தேய்க்கலாமா?

புறாவை விட்டுவிடுங்கள், அது பிழைக்கட்டும். வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர்கூட நுரையீரலுக்குள் போகும். ஆஸ்பிரினும் வேண்டாம். மூளையின் இரத்தக்குழாயில் அடைப்பா, இரத்தக்கசிவா என்பதை ஸ்கேன்தான் சொல்லும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைக் கூட்டிவிடும். சிரிக்கச் சொல்லுங்கள், இரு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். ஒன்று பிசகினாலும் 108. ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது.

கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால் படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.